மீட்டர் பெட்டியில் போட்ட அழைப்பு

முப்பத்தோரு வருடம் ஒரு மனிதர் மாதம் தவறாமல் ஒரு தெருவின் நாற்பத்தேழு வாசலுக்கும் போய் வந்திருக்கிறார், அதில் ஒரு வீட்டுக் கூடத்தின் சுவர் என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். மீட்டர் வாசலுக்கு வெளியே இருக்கிறது.

முன்சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு சின்ன இரும்புப் பெட்டி. மூடியைத் தூக்கவேண்டும், குந்தவேண்டும், கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைக்கவேண்டும், எண்ணைப் படித்துப் பெட்டிக்குள் செருகியிருக்கும் அட்டையில் ஒரு தரமும் தன் நோட்டில் ஒரு தரமும் எழுதவேண்டும். குந்தும்போதே "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து பதில் வரும்: "வெளிய இருக்கு, பாத்துக்கோங்க!" என்னமோ அவர் சமையலறைக்குள் வந்து அடுப்புக்கடியில் தேடிவிடுவார் என்கிற மாதிரி. வெயிலோ மழையோ, அதே பதில். "உள்ள வாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னதில்லை. தண்ணீரை அளக்கிற மனிதனுக்குத் தாகம் எடுக்காது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

அந்தத் தெருவிலேயே இருபத்தாறாம் எண்ணில் குடியிருந்தும் அவர் பெயர் யாருக்கும் தெரியாமல் போயிற்று. மீட்டர் என்றார்கள். அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அவளை மீட்டர் வீட்டம்மா என்றார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பதிலுக்கு ஊரையே எண்ணால்தான் கூப்பிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் அவருக்கு 'ஒன்பது'. தினமும் காரைக் குளிப்பாட்டுகிறவர் 'நாலு'. மாமியாரும் மருமகளும் தனித்தனியாகத் துணி துவைக்கிற வீடு 'முப்பத்தொன்று'.

எண்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"ஒன்பதுல இந்த மாசம் ஆறு யூனிட் ஏறியிருக்கு. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருப்பா."

"அப்படியா? எதிர்வீடுதானே, போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்பாள் மனைவி.

"என்னை யாரு கூப்பிட்டா?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் முப்பத்தோரு வருடம் ஓட்டிவிட்டார்.

பிறகு புது மீட்டர்கள் வந்தன. எண்ணை அவையே ஆபீசுக்கு அனுப்பிவிடுமாம். அட்டையை எடுத்துவிட்டார்கள், அட்டையில் எழுதுகிறவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயதும் சரியாக அதே சமயம் முடிந்ததால் அவரால் யாரையும் திட்டக்கூட முடியவில்லை. மனைவி காலையில் மருந்துக்கடைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். அதுவரை அவரும் சுவர்க்கடிகாரமும். பத்து நாளில் கடிகாரம் வாரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மனைவி பயந்துபோனாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனைப் பொதுக்கூடத்தின் செயலாளர் வீடு மாறிப் போனார். போகிற போக்கில் சாவியை இவர் கையில் திணித்து, "எல்லா வீடும் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். தெரியுமா தெரியாதா என்று யாரும் விசாரிக்கவில்லை. வேறு யாரும் அந்தச் சாவியைக் கையால் தொடத் தயாராக இல்லை என்பதுதான் உண்மை.

கூடம் ஒன்றும் அரண்மனை இல்லை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, காய்கள் பாதி தொலைந்த ஒரு கேரம்போர்டு. ஆனால் மீட்டர் அதைத் தன் உயிராக நினைத்தார். தினமும் திறந்தார், பெருக்கினார், நாற்காலிகளை வரிசையாகப் போட்டார், அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அந்தத் தெருவில் தன் வீட்டைத் தவிர யாரையும் கேட்காமல் அவர் உள்ளே போகமுடிந்த கதவு அது ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்தது.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கையில் அட்டை, அட்டையில் படிவம், முகத்தில் இன்னும் ஏழு தெரு பாக்கியிருக்கிற அவசரம்.

"ஐயா, இந்தக் கூடத்துக்கு யாரும் வர்றதில்லைன்னு ரிப்போர்ட். யாரும் வரலைன்னா எடுத்துக்குவோம். உடைஞ்சுபோன குப்பைத்தொட்டியெல்லாம் போட்டு வைக்க எங்களுக்கு எடம் வேணும்."

"குப்பைத்தொட்டியா?" என்றார் மீட்டர்.

"மூணு மாசம் டைம். மாசத்துக்கு ஒரு கூட்டம் போடுங்க. நான் வந்து பாப்பேன். மூணுல ஒண்ணுலயாவது இருபத்தஞ்சு வீட்டுக்காரங்க உக்காந்திருக்கணும். குடும்பங்களை ஈடுபடுத்துங்க ஐயா, அக்கம்பக்கத்தைச் சேருங்க!" சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

மீட்டர் அன்று மாலையே நாற்பத்தேழு காகிதத்தில், அழகான சாய்வெழுத்தில், கைப்பட எழுதினார். 'அன்புடையீர், வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்கு நம் கூடத்தில் கூட்டம். குடும்பத்துடன் வருக.' மறுநாள் காலை ஒரு வீடு விடாமல் போட்டுவிட்டு வந்தார். "குடுத்தாச்சா?" என்று மனைவி கேட்டாள். "ஒரு வீடு விடலை" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூடத்தில் அவர் இருந்தார், மனைவி இருந்தாள், அட்டையோடு அதிகாரி இருந்தார். நாலேகாலுக்குத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். மீட்டருக்கு முகம் மலர்ந்தது.

"என்ன விசேஷம், எல்லாரும் உக்காந்திருக்கீங்க?" என்றார் தையல்காரர். "ஒரு நாலு நாற்காலி எடுத்துக்கட்டுமா? வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அதிகாரி படிவத்தில் 'இரண்டு' என்று எழுதினார். மீட்டருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "என்ன விசேஷமாம், என்ன விசேஷம்! தெரியாத மாதிரி கேக்குறான் பாரு! நக்கல்!" என்று வீடு வரை பொருமிக்கொண்டே வந்தார்.

இரண்டாவது அழைப்பில் 'அன்புடையீர்' போய்விட்டது. 'குடியிருப்போர் கவனத்திற்கு: சென்ற கூட்டத்துக்கு வராததற்குக் காரணம் என்ன என்று தெரியவில்லை. இம்முறையாவது வரவும்.' இந்தக் காகிதமும் நாற்பத்தேழு வீட்டிலும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு ஈ காக்கா வரவில்லை. மனைவிக்குக் கடையில் சரக்கு வந்திருந்ததால் அவளும் வரவில்லை. அதிகாரி 'ஒன்று' என்று எழுதிவிட்டு, ஒரு நிமிடம் அவரைப் பார்த்து, "நீங்க செயலாளர்ல? உங்களைச் சேக்கக் கூடாது" என்று அதையும் அடித்துவிட்டார்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "நாய்க்குக்கூட கூப்பிட்ட குரலுக்கு வாலாட்டத் தெரியும்" என்றார். மனைவி, "யாரையாவது நேர்ல பாத்துக் கேட்டீங்களா?" என்றாள். "நேர்ல வேற போய்க் கெஞ்சணுமா? எழுத்துல சொன்னது போதாதா?" என்றார். ரோஷம். பென்ஷன் வாங்குகிற மனிதருக்கு அதற்கு மேல் என்ன சொத்து இருக்கும்?

மூன்றாவது முறை அவர் எழுதியது அழைப்பே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து, பழைய நோட்டுகளையெல்லாம் பரண்மேலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக எழுதினார். முப்பத்தோரு வருடம் பேசாத வாய் அந்த நாற்பத்தேழு காகிதத்தில் பேசிற்று. 'நாலாம் எண்ணுக்கு: காருக்கு தினமும் குளியல். அந்த அரைமணி நேரத்தை ஒரு மாதம் மனிதர்களுக்கு ஒதுக்கினால் பெயிண்ட் உதிர்ந்துவிடாது.' 'முப்பத்தொன்றுக்கு: உங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே வாளியில் துவைத்தால் மாதம் மூன்று யூனிட் மிச்சம். வந்து கூடத்தில் சண்டை போடுங்கள், அங்கே விசிறி இருக்கிறது.' எழுத எழுத அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் போட்டுவிட்டு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எதிர்வீட்டுத் தையல்காரர் கையில் மூன்று காகிதத்தோடு வந்து நின்றார். ஒன்று பூச்சி அரித்தது, ஒன்று நனைந்து காய்ந்தது, ஒன்று புத்தம்புதிது.

"மீட்டர்காரரே, என் வீட்டுக் குழாய்ல கசிவு. பிளம்பர் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தான். உள்ள இது மூணும் கெடந்துச்சு. கூட்டம்னு போட்டிருக்கு. நாளுங் கெழமையும் போட்டிருக்கு. இதை ஏன் பெட்டிக்குள்ள வச்சீங்க?"

"வேற எங்க வைப்பாங்க?" என்றார் மீட்டர்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அட்டை இருந்த காலத்தில் பெட்டியைத் திறப்பார்கள். இந்த மாதம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்க அவர் போனதும் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார். அட்டை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அந்தப் பெட்டியைப் பல்லியைத் தவிர யாரும் திறப்பதில்லை. கதவிலே தட்டலாம், கதவிடுக்கில் செருகலாம், கையில் கொடுக்கலாம் என்று முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு வீடு என்றால் அந்தப் பெட்டிதான். தெரு மூன்று மாதமாக அவரை அவமதிக்கவில்லை. தெருவுக்கு விஷயமே தெரியாது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணாவதைப் படிச்சுட்டீங்களா?" என்றார் மெதுவாக.

"படிச்சேனே." தையல்காரர் சத்தமாகவே வாசித்தார். "'ஒன்பதுக்கு: ஊராருக்கு அளவெடுக்கிறீர்கள். உங்கள் மனசு எத்தனை அங்குலம்?' ரொம்ப நல்லாயிருக்கு."

"ஐயா, தெரியாம..."

"அதை விடுங்க." தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. "நாலாம் நம்பர் கார்க்காரனுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

மீட்டர் பதறிப்போனார். அந்த நாற்பத்தாறு காகிதத்தையும் யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. மூன்றாவதில் குந்தி எழுவதற்குள் தையல்காரர் எதிர்வரிசையில் நாலாம் எண் பெட்டியைத் திறந்து, படித்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்புச் சத்தம் கேட்டு நாலாம் எண் வெளியே வந்தார்.

"என் பெட்டியில உனக்கென்னய்யா வேலை?"

"வேலை எனக்கில்ல, மீட்டருக்கு. உன் காரைப் பத்தி எழுதியிருக்காரு, படி."

கார்க்காரர் படித்தார். நியாயமாக அவர் மீட்டரின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கத்தான் கிளம்பினார். வழியில் முப்பத்தொன்றைத் தாண்டவேண்டியிருந்தது. 'இவங்களுக்கு என்ன எழுதியிருப்பான்?' என்று அவர் கை தானாக அந்தப் பெட்டிக்குப் போயிற்று.

நகராட்சியின் எந்தத் திட்டத்தாலும் ஆகாத காரியம் அரைமணி நேரத்தில் ஆயிற்று. தன் வீட்டுக் காகிதத்தை முதலில் தேடியவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. எல்லோரும் அடுத்த வீட்டுப் பெட்டியைத்தான் திறந்தார்கள். படித்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கான் பாருங்க, அநியாயம்!" என்று அக்கறையோடு வாசித்துக் காட்டினார்கள். பத்து வருடமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். முப்பத்தொன்றாம் எண் மாமியாரும் மருமகளும் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, ஒரே குரலில் மீட்டரைத் திட்டினார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்து அந்த வீட்டு மகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெயில் சுட்டது. "வெளக்கம் சொல்லட்டும்! கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க அந்த ஆளை!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது நாற்காலி போதவில்லை. தையல்காரர் தான் எடுத்துப்போன நாலு நாற்காலியையும் திருப்பிக் கொண்டுவந்தார், அப்படியும் போதவில்லை.

சரியாக நாலு மணிக்கு அதிகாரி உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் வாசல் எண்ணை ஒருதரம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எண்ணினார். நாற்பத்தொரு வீடு.

"அடேயப்பா! எப்படி ஐயா செஞ்சீங்க?" என்றார். "இன்னைக்கு என்ன பொருள்?"

"இவருதான்!" என்றது கூட்டம்.

மீட்டர் சுவரோரம் நின்றார். கையில் அவர் மீட்ட ஏழெட்டுக் காகிதம் வேர்வையில் நனைந்து கசங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார், ஆனால் வேறு ஒன்று வந்தது.

"முப்பத்தோரு வருஷம் உங்க வாசலுக்கு வந்தேன். ஒருத்தராவது உள்ள வான்னு சொன்னீங்களா? நான் மனுஷன் இல்லையா?"

சிலர் விசிறியைப் பார்த்தார்கள். அதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கோர்ட்டில் ஜெயித்தவர்போல நிமிர்ந்தார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து பதினேழாம் எண் அம்மா எழுந்தாள். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவள், தெருவில் யாரோடும் அதிகம் பேசாதவள். கையில் அவளுடைய காகிதம் இருந்தது.

"இதுல, மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எங்க வீட்ல பதினொண்ணு ஓடிச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் நாலு. நாலு யூனிட்டுன்னா ஒரு ஆள்தான் இருக்கமுடியும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா" என்றார் மீட்டர். கணக்கு சரிதான்.

"எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில போயிட்டாரு. அங்கிருந்தே எடுத்துட்டுப் போயிட்டோம். தெருவுல யாருக்கும் தெரியாதுன்னுதான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். யாருக்கும் தெரியலை, அதனால யாரும் கேக்கலைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." அவள் காகிதத்தை மடித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எந்த மாசம்னுகூடத் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறமும் ஒன்றரை வருஷம் மாசாமாசம் எங்க வாசல்ல குந்தியிருக்கீங்க. கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேக்கலையே, ஏன்?"

என்னை யாரு கூப்பிட்டா? அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. முப்பத்தோரு வருடம் தவறாமல் உதவின பதில், அன்று வெளியே வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்துவிடும்போல இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி அவரைப் பார்க்காமல் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருக்கணும்மா" என்றார். "தோணலை."

கூட்டம் நடந்தது. மீட்டரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குவதென்று முதல் தீர்மானம். ஒருமனதாக நிறைவேறிற்று, அந்தத் தெருவின் சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. தீர்மானத்தை எழுத அழகான கையெழுத்துள்ளவர் வேறு யாரும் இல்லாததால், அதை மீட்டரே எழுதினார். "அடுத்த செயலாளர் யார்?" என்று அதிகாரி கேட்டதும் நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. பதினேழாம் எண் அம்மா மட்டும் குனியவில்லை. சாவி அவளிடம் போயிற்று. அதிகாரி தன் படிவத்தில் 'மிகச் சிறந்த பங்கேற்பு. செயலாளரின் அயராத தனிப்பட்ட அணுகுமுறையே காரணம்' என்று எழுதிக்கொண்டு போனார். குப்பைத்தொட்டிகள் வேறு ஏதோ ஒரு தெருவுக்குப் போயின. இரண்டு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து மீட்டருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மனைவி அதைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள், வேண்டுமென்றே.

அவர் மறுபடி கடிகாரத்தோடு உட்கார்ந்தார். கூடம் தினமும் சாயங்காலம் திறந்திருந்தது, சிரிப்புச் சத்தம் தெருவரை வந்தது. போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நீக்கப்பட்ட மனிதர் எந்த முகத்தோடு போவார்? மூன்று வாரம் அவர் வாசல்படி இறங்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம். மனைவிக்கு விடுமுறை, உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டிப் பழக்கமில்லை. அரைத்தூக்கத்தில், கண்ணைத் திறக்காமல், தெருவே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்:

"மீட்டர் வெளிய இருக்கு, பாத்துக்கோங்க!"

உள்ளே காய் நறுக்கும் கத்தி நின்றது. மனைவி சமையலறை வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தாள். கதவுக்கு வெளியேயிருந்து பதினேழாம் எண் அம்மாவின் குரல் கேட்டது.

"மீட்டர் பாக்க வரலைங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம். ஒவ்வொரு வீட்லயும் நேர்ல சொல்லிட்டு வர்றேன்."

அவர் எழுந்தார். முழங்கால் நெட்டி முறிந்தது. ஆயிரக்கணக்கான தடவை குந்தி எழுந்த முழங்கால். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். அவள் வெயிலில் நின்றிருந்தாள், கையில் ஒரு நோட்டு, நெற்றியெல்லாம் வேர்வை. பாதித் தெரு முடித்திருப்பாள்.

"எத்தனை வீட்ல உள்ள கூப்பிட்டாங்க?" என்றார்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. "இதுவரைக்கும் ஒரு வீட்லயும் இல்ல" என்றாள்.

மீட்டர் கதவை அகலத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

"உள்ள வாங்கம்மா" என்றார். "ஒரு வாய் தண்ணி குடிங்க."